தோட்டத்து ஊரில் வாடகை வீடு: கூலிமுக்குக் குடிவருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது கூலிம். இங்கே கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டை 1996-இல் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு வெளியாட்கள் வருவது நிற்கவே இல்லை. ஒரு பக்கம் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் பாடாங் செராய், லூனாஸ் வரைக்கும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) மிச்சமிருக்கும் ரப்பரும். சென்னை, கோயம்புத்தூர், ஓசூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் இங்கே வந்து இறங்கியதும், அட, கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கடையில் தமிழிலேயே பேசலாம் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியில் வீட்டு விஷயத்திலும் எல்லாம் ஊர் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிடுவதுதான் சிக்கல். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். புதிதாக வருகிறவர்களோடு வீடு பார்க்கக் கூடப் போவது எனக்கு வழக்கம். சண்டை வந்த வீடுகள் பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை, குடியிருந்தவரும் கெட்டவர் இல்லை. எது யார் பொறுப்பு என்று முதல் நாளே பேசி எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்த மாதிரி வீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கே கிடைப்பவை மோட்டாமோட்டாக மூன்று வகை. தாமானில் (குடியிருப்புப் பேட்டை) இருக்கும் வரிசை வீடு, மலிவு விலை அடுக்குமாடி (பிளாட் என்போம்), அப்புறம் காவலரும் நீச்சல்குளமும் உள்ள அபார்ட்மெண்ட் அல்லது கொண்டோ. வரிசை வீட்டில் கேட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது. புல் வெட்டுவது, கூரைத் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயில் சருகு அடைத்தால் எடுப்பது, எல்லாம் உங்கள் தலையில்தான் வரும். அடுக்குமாடியில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார்: கட்டட நிர்வாகம். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அதில் 10 சதவீதம் அளவுக்குச் சேமநிதிக்கும் கட்ட வேண்டும். லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, கூரைத் தொட்டி, குப்பை அறை எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன.

அதனால் அடுக்குமாடியில் வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பாருங்கள். லிஃப்டில் ஏறி இறங்குங்கள். குப்பை அறைக்குப் போய் மோந்து பாருங்கள். தரைத்தளத்து அறிவிப்புப் பலகையைக் கட்டாயம் படியுங்கள். கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்களைப் பல கட்டடங்களில் அங்கே ஒட்டி வைத்திருப்பார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நிர்வாகத்திடம் காசில்லை என்று அர்த்தம், அங்கே கெட்டுப்போன லிஃப்ட் சீக்கிரம் சரியாகாது. நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் எண்ணே அதில் இருந்தால் இன்னும் மோசம். வீட்டுக்காரர் பாக்கி வைத்தால் நிர்வாகம் அந்த வீட்டின் நுழைவு அட்டையை முடக்கலாம், அந்த விதி வாடகைக்கு இருப்பவருக்கும் பொருந்தும். வாடகையை ஒழுங்காகக் கட்டிவிட்டும் இரவு வேலை முடிந்து வந்து வாசலில் நிற்க வேண்டிவரும். "கடைசி மாதப் பராமரிப்புக் கட்டண ரசீது காட்ட முடியுமா?" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "இந்தியர்களுக்கு இல்லை" என்று சில விளம்பரங்களில் போடுகிறார்கள், தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்கிறார்கள். இந்த ஊர்த் தமிழர்களான எங்களுக்கும் இது நடக்கிறது. மனசு வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் கெஞ்சிக் குடியேறாதீர்கள். முதல் கசிவிலேயே உங்கள் சமையல் மேல் பழி வரும். வேறு வீடு கிடைக்கும்.

வீட்டுக்குள் என்ன பார்ப்பது

சுவரில் புதுச் சாயம் அடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த ஊரில் வீட்டைத் தின்பவை ஈரமும் கரையானும்தான். வருஷம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி, விடியற்காலையில் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பனி வேறு.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுச் சும்மா நின்று பாருங்கள். தண்ணீர் துவாரத்தை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா, கதவு நிலைக்கு அடியில் புகுகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து சமையலறைத் தொட்டிக்குக் கீழ் உள்ள கபினெட்டைத் திறங்கள். உள்ளே தலையை விட்டு மோந்தால் பழைய ஈரத்தின் புளித்த நாற்றம் வரும், வராமலும் இருக்கும். பலகையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுக்கினால் உள்ளே போகிறது, ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது என்றால் அங்கே ரொம்ப நாளாகக் கசிவு இருக்கிறது. கதவு நிலைகளை நாணயத்தால் தட்டுங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் கரையான். பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான்களில் மண்ணுக்குள் வேரும் கட்டையும் மிச்சம் இருக்கும், கரையானுக்கு அது விருந்து. சுவரோரம் மண்குழாய் மாதிரிக் கோடு ஏறியிருந்தால் அதைப் படமெடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டி, மருந்தடித்துத் தந்த பிறகு குடியேறுகிறேன் என்று சொல்லுங்கள்.

மின்சாரப் பெட்டியைத் திறந்து டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வீட்டில் வாட்டர் ஹீட்டரில் குளிக்கவே கூடாது. ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டு மின்சார விதி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஒப்பந்தம்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே கொடுப்பது குறைவாகத்தான் தெரியும். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம். ஆனால் ஊரில் மாதிரி ஃபேனும் லைட்டும் நீங்கள் மாட்ட வேண்டியதில்லை, பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். இருக்கும் என்பதாலேயே அதெல்லாம் வீட்டுக்காரரின் சொத்து, போகும்போது இருந்தபடியே திருப்பித் தர வேண்டும்.

வீட்டு வாடகைக்கென்றே தனிச் சட்டம் இங்கே இல்லாததால் அந்த ஒப்பந்தக் காகிதம்தான் உங்களுக்குச் சட்டம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் இந்த இடங்களை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்: சின்னப் பழுதுகள் எத்தனை வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வரைக்கும் உங்கள் செலவு, அதற்கு மேல் யார் செலவு. ஏர்கோன் (ஏசி) சர்வீஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, யார் பணம். வேலை மாற்றலாகி நாடு திரும்ப வேண்டியிருந்தால் முன்கூட்டியே காலி செய்யலாமா, எத்தனை மாத நோட்டீஸ். இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா. பழுதுத் தொகைக்கு எண் போடாமல் "சிறு பழுதுகள்" என்று மட்டும் இருந்தால் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 100 வெள்ளியா 300 வெள்ளியா என்பதில்தான் பின்னால் மனக்கசப்பே வரும்.

வீட்டு வரியும் நில வரியும் வீட்டுக்காரருடையவை. மின்சாரமும் தண்ணீரும் உங்களுடையவை. கழிவுநீர்க் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதை எல்லோரும் மறந்துபோகிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத காகிதத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. "நம்ம ஆளுதானே, எதுக்குத் தம்பி முத்திரையெல்லாம்" என்று ஒரு தமிழ் வீட்டுக்காரரே சொன்னாலும், "இருக்கட்டும் அங்கிள், கம்பெனியில கேப்பாங்க" என்று மரியாதையாகச் சொல்லி முத்திரையைப் போட்டுவிடுங்கள்.

சாவி வாங்கிய நாள்

பெட்டியைத் திறப்பதற்கு முன், பாயை விரிப்பதற்கு முன், பால் காய்ச்சுவதற்கும் முன், வீடு முழுவதையும் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை, கூரை, ஜன்னல் கிரில், குழாய்கள், ஃபிரிட்ஜுக்குள், மெத்தையின் இரண்டு பக்கமும், மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும் காட்டும் எண். கீறல் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும். அதை அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். "ஐயா, இன்று சாவி வாங்கினேன். வீட்டின் இப்போதைய நிலை இது. பெரிய அறை ஜன்னல் கொக்கி உடைந்திருக்கிறது, குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஊறியிருக்கிறது. பதிவுக்காக அனுப்புகிறேன்." இவ்வளவு போதும். இதைச் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, இங்கே இது வழக்கம்.

முதல் வாரம்

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே ஓடும், மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும். பிளக்தான் வேறு. இங்கே மூன்று செவ்வகக் கால்கள். மலிவான அடாப்டரில் கிரைண்டரை ஓட்டினால் சூடேறி உருகும். எலெக்ட்ரிக் கடைக்குக் கொண்டுபோய் பிளக்கையே மாற்றித்தரச் சொல்லுங்கள், சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) முத்திரை உள்ள பிளக்காகப் பார்த்து. இடி மின்னல் இங்கே மிக அதிகம். மாலையில் வானம் கறுத்தால் டிவி, மோடம் இரண்டையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தரை கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, என் அம்மாவும் தோட்டத்து வீட்டில் அப்படித்தான் கழுவுவார். அடுக்குமாடியில் ஹாலுக்குத் தண்ணீர் போகத் துவாரமே இருக்காது. ஊற்றிய தண்ணீர் கதவு நிலையில் ஊறும், மரப்பலகைத் தரையாக இருந்தால் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும். ஹாலையும் அறைகளையும் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

வாசல் நடைபாதை பொது இடம். அங்கே செருப்பு ரேக், துளசித் தொட்டி, சைக்கிள் வைத்தால் நிர்வாகம் எடுத்துவிடும், நெருப்பு வந்தால் ஆட்கள் ஓடும் வழி அது. துளசியைப் பால்கனியில் வையுங்கள். கோலம் மாவில் போட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், பெயிண்டில் போடாதீர்கள். பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தகடோ டைலோ சாய்த்து வைத்தால் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் சுவரில் படியாது. சுவரில் ஆணியோ துளையோ போடுவதற்கு முன் கேளுங்கள்.

தினசரிப் பராமரிப்பு

பூசணம்தான் பெரிய வேலை. ஏர்கோன் போட்டு ஜன்னலை நாள் முழுக்க மூடி வைத்தால், சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பக்கம் சில வாரங்களிலேயே கறுக்க ஆரம்பிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வேலைக்குப் போகும்போது மூடுங்கள். ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். பூசணம் வந்துவிட்டால் உடனே துடைத்துக் காயவிடுங்கள், அதன் மேலேயே சாயம் அடித்து மறைத்தால் திரும்ப வரும். துடைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி வந்தால் அது உங்கள் பழக்கத்தால் வருவதில்லை, சுவருக்குள் கசிவு இருக்கிறது. அப்போது புகார்தான்.

ஏர்கோன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயில் கழுவுங்கள். சர்வீஸ் செய்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், டெபாசிட் கணக்குப் பார்க்கும்போது அந்த ரசீது வேண்டியிருக்கும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை கபினெட்டின் மேல்பக்கத்தில் பிசுபிசுவென்று படியும், வாரம் ஒருமுறை துடைத்தால் துணியிலேயே போய்விடும், வருஷக் கடைசியில் துடைத்தால் சாயமும் சேர்ந்து வரும். மஞ்சள் கறை வெள்ளை மேடையில் பட்டவுடன் துடையுங்கள்.

செம்பனைத் தோட்டத்துக்கு அருகில் குடியிருந்தால் சார்லி பூச்சியைத் தெரிந்துவைத்திருங்கள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், ஆரஞ்சும் கறுப்பும் பட்டை பட்டையாக, பார்ப்பதற்கு எறும்பு மாதிரி. இரவு விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை, நசுக்கினால்தான் ஆபத்து, உடம்பில் இருக்கும் நச்சுநீர் பட்டால் தோல் வெந்த மாதிரிக் கொப்பளிக்கும். மேலே உட்கார்ந்தால் தட்டி நசுக்காமல் ஊதிவிடுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

கொசு விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிக்கலாம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால் 500 வெள்ளி வரை சமரச அபராதம் போடலாம், வழக்கு நீதிமன்றம் போனால் இன்னும் அதிகம். வீடு உங்களுடையது இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பூந்தொட்டித் தட்டு, பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, குளியலறையில் பிடித்து வைத்த வாளி, எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள். தண்ணீர் நின்றுபோகும் நாளுக்காகச் சேமிப்பது இங்கேயும் வேண்டியதுதான், மூடி போட்டு வையுங்கள்.

குப்பைக்கு வருவோம். கெடாவில் 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சமையலறைக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும் எடுப்பார்கள். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடியைப் பிரித்து வைக்க வேண்டும். உங்கள் தெருவுக்கு எந்த நாள் என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் சொல்லிவிடுவார். முந்தின நாளே வெளியில் வைத்தால் நாயும் எலியும் பிய்த்துப் போட்டுவிடும்.

ஏதாவது கெட்டுப்போனால்

முதலில் படம், பிறகு எழுத்து, அதன்பிறகு தொலைபேசி. இந்த வரிசை மாறக் கூடாது. ஊரில் வீட்டுக்காரர் மாடியிலேயே இருப்பார், கூப்பிட்டுச் சொன்னால் பிளம்பரை அனுப்புவார். இங்கே அவர் பினாங்கில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். "ஐயா, சமையலறைத் தொட்டிக் குழாய் நேற்று இரவிலிருந்து கசிகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். நானே பிளம்பரைக் கூப்பிட்டு ரசீது தரட்டுமா, நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா?" இப்படித் தேர்வு கொடுத்துக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். அவர் சம்மதிக்காமல் நீங்களே செலவு செய்துவிட்டு வாடகையில் கழிக்காதீர்கள். கசிவைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். "எதுக்கு வீட்டுக்காரரைத் தொந்தரவு பண்ணுவானேன்" என்று பேசாமல் இருந்து, கபினெட் முழுக்க ஊறி உதிர்ந்த பிறகு சொன்னால் அந்தச் செலவு உங்கள் பக்கம் திரும்பும்.

மேல்வீட்டிலிருந்து கூரை வழியாகக் கசிந்தால் மேல்வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போட வேண்டாம். வீட்டுக்காரருக்குச் சொல்லி, நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கச் செய்யுங்கள். புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் அவர்கள் வந்து சோதிக்க வேண்டும். மாறான காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல்பக்கம்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கூரையில் எப்போது எவ்வளவு ஈரம் என்று தேதியோடு படங்கள் இருந்தால் வேலை சுலபம்.

கோபத்தில் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிடுவேன் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2): நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. அதே நேரம் ஒப்பந்தம் முடிந்த பிறகும் சம்மதமில்லாமல் தங்கினால் இரட்டை வாடகை கேட்க அவருக்கும் உரிமை இருக்கிறது.

காலி செய்யும்போது

நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் இருப்பது இங்கே நிறைய நடக்கிறது, அது ஒப்பந்த மீறல், செய்யாதீர்கள். நாள் நெருங்கும்போது ஏர்கோன் சர்வீஸ் செய்யுங்கள், கபினெட்டுகளின் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், எரியாத பல்புகளை மாற்றுங்கள். பழைய மெத்தை, அலமாரியைக் குப்பை அறையில் தள்ளிவிட்டுப் போகாமல், பெரிய சாமான் எடுக்கும் நாளுக்கு வெளியில் வையுங்கள். சாவி ஒப்படைக்கும் அன்று வீட்டுக்காரரோ ஏஜென்டோ கூட இருக்கும்போதே, சாவி வாங்கிய நாள் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் எண்களைப் படமெடுத்துக் கடைசி பில்களைக் கட்டி ரசீதை அனுப்புங்கள்.

டெபாசிட்டில் பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில், பிளம்பர் அல்லது பெயிண்டர் ரசீதோடு கேளுங்கள். மூன்று வருஷம் குடியிருந்த வீட்டில் சாயம் மங்குவது தேய்மானம், அதற்கு முழு வீட்டுக்கும் சாயம் அடிக்கும் செலவை உங்கள் மேல் போட முடியாது. நீங்கள் உடைத்த ஜன்னல் கண்ணாடிக்குக் கொடுத்துவிடுங்கள். பேசியும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. முத்திரையிட்ட ஒப்பந்தம், டெபாசிட் கட்டிய வங்கிச் சான்று, முதல் நாள் வீடியோ, கடைசி நாள் படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்பிரதி. நாட்டை விட்டுக் கிளம்பும் தேதிக்கு நெருக்கத்தில் இதை ஆரம்பித்தால் நேரம் போதாது, அதனால் சாவி ஒப்படைக்கும் நாளைப் பயணத் தேதிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.